புவாத் மோதினாரும் இரண்டு பம்புகளும்

புவாத் மோதினாரை முதன்முதலில் பார்த்தபோது அவர் தன் மூக்கோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். பதுளையில் நெஞ்சு கிளினிக் நடக்கும் நாள். நீள வாங்கின் ஓரத்தில் வெள்ளைத் தொப்பியும் சாரனும் பழைய கம்பளிச் சட்டையுமாக உட்கார்ந்திருந்தார். ஒரு கை வயிற்றில், ஒரு கை நெஞ்சில். வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணை உருட்டி உருட்டி மூக்கால் இழுத்து மூக்காலேயே விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் வீரசிங்கம். தெமோதரைப் பக்கத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் தேயிலைத் தூள் சலித்தே நெஞ்சில் இழுப்பை வாங்கிக்கொண்டவர். அவருக்குத் துணையாக அவருடைய மகனும் வந்திருந்தான்.

"என்னங்க நானா, மூச்சு முட்டுதா? நர்சம்மாவக் கூப்பிடவா?" என்று வீரசிங்கம் பதறினார்.

"முட்டல்ல ஐயா. முட்டு வராம இருக்கப் பயிற்சி எடுக்கிறன்."

"பாக்கறதுக்கு முட்டுற மாதிரியேதாங்க இருக்கு."

புவாத் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமி முடித்ததும் மனதில் கிடந்ததைக் கொட்டினார். "மூச்சுப் பயிற்சி தாற மிஸ் சொல்றா, சின்னதா, மெல்லமா, மூக்கால இழுக்கட்டாம். அளவுக்கு மிஞ்சின காத்து வாணாமாம். டொக்டர் சொல்றார், முட்டு மருந்து பம்ப் அடிக்கக்குள்ள வாயால ஆழமா இழுத்து அடக்கட்டாம். நான் பள்ளிவாசல்ல பாங்கு சொல்லக்குள்ள நெஞ்சு நெறைய இழுத்தாத்தான் ஒரு வரி முடியும். ஒரு நெஞ்சு, மூணு சட்டம். எனக்கு ஒண்டுமே வெளங்கல்ல."

"இந்தா நம்ம பையன் இருக்கான்ல. கேம்பஸ் முடிச்சவன். எங்க லயத்துல மொத ஆளு. இவன்கிட்டக் கேளுங்க" என்றார் வீரசிங்கம், நெஞ்சு இழுப்பையும் மறந்து.

பையன் படித்தது புவியியல். மலைக்கும் மழைக்கும் உள்ள உறவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவான். மூக்குக்கும் நெஞ்சுக்கும் உள்ள உறவு பாடத்திட்டத்தில் இருக்கவில்லை. "உள்ள போய் மிஸ்கிட்டயே கேட்டுடுங்க நானா" என்றான்.

"பட்டம் எடுத்தவருக்கே தெரியாட்டி, மூணாம் வகுப்போட நிண்ட எனக்கு எப்படி வெளங்கும்?" என்று புவாத் மறுபடி மூக்கால் இழுக்கத் தொடங்கினார்.

அந்தப் பையன்தான் இதை எழுதுவது. இனி அவனுக்கு இந்தக் கதையில் வேலையில்லை. பிறகு வந்த கிளினிக் நாட்களிலும் பதுளை ரயிலிலும் புவாத்தும் அவருடைய மனைவி மர்லியாவும் சொல்லக் கேட்டவைதான் மீதி.

புவாத் மொனராகலைப் பக்கத்துக் கிராமத்தில் வெயிலில் வளர்ந்தவர். இளவயதில் வேலை தேடி மலையேறி, அப்புத்தளைக் கடைத்தெருவில் ஒரு மிளகாய் மில்லில் சேர்ந்தார். மேலே பனி, உள்ளே மிளகாய்த் தூள். இரண்டுக்கும் நடுவில் அவருடைய நெஞ்சு. சில வருடங்களில் முட்டு, அதாவது ஆஸ்துமா, வந்து குடியேறியது. ஆனால் மில் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலால் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒரு குரலும் அவருக்கு அமைந்துவிட்டது. அந்தக் குரலைக் கேட்ட பள்ளிவாசல்காரர்கள் ஐந்து நேரமும் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் மோதினார் வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். பள்ளிக்குப் பின்னால் ஓர் அறையும் கிடைத்தது. வேலை இருக்கும்வரைதான் அறை. புவாத்துக்கும் மர்லியாவுக்கும் வேறு கூரை கிடையாது.

பாங்கின் ஒவ்வொரு வரியையும் ஒரே மூச்சில் நீட்டிச் சொல்வது அவருடைய வழக்கம். சொல்லும் அவருக்கும் கேட்கும் தெருவுக்கும் அது பழகிப்போயிருந்தது. ஆனால் கடந்த சில வருடங்களாக வரிகள் நடுவில் அறுந்தன. பள்ளி நிர்வாகத் தலைவர் பஸீல் ஹாஜியார், இரும்புக் கடைக்காரர், தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போது யாரிடமோ சொல்வதுபோல் சொல்வார்: "நம்மட போன் கடை மபாஸுக்கும் நல்ல தொண்டைதான், என்ன?"

அதைக் கேட்டால் புவாத்துக்கு இரவுச் சோறு இறங்காது.

அதனால்தான் டாக்டர் மூச்சுப் பயிற்சிக்கு அனுப்பியதும் அவர் ஒரு முறைகூடத் தவறாமல் போனார். பயிற்சி கொடுத்தவள் மதுஷா. அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து படித்து மேலே வந்த பெண். அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "இது மருந்துக்குப் பதிலுக்கு இல்லீங்க. மருந்தோட சேத்து. நீல பம்ப் இழுப்பு வந்தா மட்டும். காப்பி கலர் பம்ப் காலையும் ராவும், நல்லா இருந்தாலும் அடிக்கணும். பயிற்சி அது பாட்டுக்கு."

"சரி மிஸ்."

"என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்?"

புவாத் அப்படியே ஒப்பித்தார். ஓதிப் பழகிய நினைவாற்றல். ஓர் எழுத்துப் பிசகவில்லை. வாங்கில் மூக்கோடு சண்டை பிடித்த அன்று உள்ளே போய்த்தான் சந்தேகத்தைக் கேட்டார்.

"ஒரு சந்தேகம் மிஸ். சின்னதா மூச்சு விட்டா, பாங்கு எப்படிச் சொல்றது?"

"எவ்வளவு நீளமா சொல்வீங்க? கொஞ்சம் சொல்லிக் காட்டுங்க."

புவாத் தயங்கினார். கண்ட நேரத்தில் பாங்கு சொல்லக்கூடாது. ஆகவே சொற்களை விட்டுவிட்டு, ராகத்தை மட்டும் முனகிக் காட்டினார். முனகல் நீண்டுகொண்டே போனது. வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவிடுக்கால் எட்டிப் பார்த்தார்கள்.

"நல்ல பாட்டா இருக்கே!" என்றாள் மதுஷா.

"பாட்டில்ல மிஸ், பாங்கு."

"சரிங்க, பாங்கு. வெளிய விடறது நீளமா இருக்கு, அது நல்லதுதான். ரெண்டு வரிக்கு நடுவுல மட்டும் வாயத் தொறந்து அவக்குனு இழுக்காதீங்க. மூக்கால அமைதியா இழுங்க. வயிறு எழும்பட்டும், தோள் எழும்பக் கூடாது."

அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு பள்ளி காலியாக இருக்கும். தூணில் சாய்ந்து உட்கார்ந்து அன்றாடம் பழகினார். வயிறு எழுந்தால் தோளும் எழுந்தது. தோளை அடக்கினால் வயிறு கல்லாயிற்று. சரியாகச் செய்கிறோமா, பிழையாகச் செய்கிறோமா என்று கேட்க ஆளில்லை. ஆனாலும் எப்படியோ பலன் தெரிந்தது. படியேறும்போது பதற்றம் குறைந்தது. முட்டு வரப்போகிறதோ என்ற பயத்தில் நீல பம்பைத் தடவிக்கொண்டே இருந்த கை, இப்போது சும்மா தொங்கியது. பாங்கின் வரிகள் மீண்டும் ஒட்டிக்கொண்டன. பஸீல் ஹாஜியாரே தெருவில் நிறுத்தி, "என்ன புவாத், தொண்டைக்கு எண்ணெய் விட்டீங்களா?" என்று கேட்டார்.

"மூக்கு, ஹாஜியார். எல்லாம் மூக்குலதான் இருக்கு."

அப்போதுதான் நோன்பு மாதம் வந்தது.

நோன்பு வைத்துக்கொண்டு பம்ப் அடிக்கலாமா என்று புவாத் நஸீர் மௌலவியிடம் கேட்டார். மௌலவி பொறுமையான மனிதர். "முறியும் என்று சொல்றவங்களும் இருக்காங்க, முறியாது என்று சொல்றவங்களும் இருக்காங்க. உங்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்லியே? காலையில அடிக்கிறத சஹருக்கு அடிங்க, ராவைக்கு அடிக்கிறத நோன்பு திறந்து அடிங்க. பகல்ல முட்டு வந்தா தயங்க வாணாம், நீலத்த அடிங்க. நோன்பு போனாலும் பொறகு வேறொரு நாள் பிடிச்சுக் கழாச் செய்யலாம். நோயாளிக்கு மார்க்கம் எளிசு."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. புவாத்தின் தலைக்குள் போனதும் அது வேறொன்றாக மாறியது.

விடியலுக்கு முன் உண்ணும் சஹர் நேரம் அவருக்கு மட்டும் நிம்மதியான நேரமல்ல. ஊரே சோறு தின்னும்போது அவர் பள்ளியைத் திறக்கவேண்டும், விளக்கைப் போடவேண்டும், சஹர் முடியப்போகிறது என்று மைக்கில் அறிவிக்கவேண்டும், உடனே விடியல் தொழுகைக்கான சுபஹ் பாங்கு. முதல் நாள் அவசரத்தில் காப்பி நிற பம்ப் மறந்துபோயிற்று. மாலையில் பாங்கு, பேரீச்சம்பழம், தொழுகை, கஞ்சி பகிர்தல், பிறகு தராவீஹ் இரவுத் தொழுகை என்று ஓட்டம், அப்போதும் மறந்துபோயிற்று. மறுநாள் எழுந்து பார்த்தால் நெஞ்சு நன்றாகத்தான் இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே.

அவர் யோசித்தார். பம்ப் என்பது கருத்து வேறுபாடுள்ள சாமான். பயிற்சியோ வெறும் காற்று. உள்ளே போகிறது, வெளியே வருகிறது. நோன்பை அது தொடாது. பம்ப் இல்லாமலும் நெஞ்சு திறந்திருக்கிறது. அப்படியென்றால் நெஞ்சைத் திறந்து வைத்திருப்பது எது? பயிற்சிதான். கணக்கு அவருக்கு நேராகத் தெரிந்தது. அஸருக்குப் பின் செய்ததை நண்பகல் லுஹருக்குப் பின்னும் செய்தார்.

"இஞ்ச பாருங்க" என்றாள் மர்லியா ஒரு நாள், அலுமாரியைத் துடைத்துக்கொண்டே. "இந்தக் காப்பிக் கலர் பம்ப் வெச்ச எடத்திலயே கெடக்கு?"

"அதுக்கு நோன்பு லீவு."

"யாரு லீவு குடுத்த? மிஸ்ஸா, மௌலவியா?"

மிஸ்ஸும் கொடுக்கவில்லை, மௌலவியும் கொடுக்கவில்லை. ஆனால் யாரோ கொடுத்ததுபோலத்தான் அவருக்கு இருந்தது. "ரெண்டு பேரும் சொன்னதச் சேத்துப் பாத்தா அப்படித்தான் வருது" என்றார்.

"நீங்க சேத்துப் பாக்க வாணாம். தனித்தனியாப் பாருங்க."

அவர் கேட்கவில்லை. கடைத்தெருவெங்கும் மூக்கின் மகிமையைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இரும்புக் கடையில் பஸீல் ஹாஜியாரும் கல்லாவுக்குப் பின்னால் ஒரு கையை வயிற்றில் வைத்து இழுத்துப் பார்த்து, தும்மினார்.

நோன்பு பாதியைத் தாண்டியபோது விடியலில் இருமல் தொடங்கியது. பனி என்று நினைத்தார். பிறகு நெஞ்சில் மெல்லிய சீழ்க்கை. பயிற்சியைக் கூட்டினார். கூட்டக் கூட்ட இறுக்கம் கூடியது. சின்னதாக இழுக்கவேண்டிய இடத்தில் பெரிதாக இழுத்துவிட்டேனோ? வயிறு எழும்பவேண்டிய இடத்தில் தோள் எழும்பிவிட்டதோ? பிழை தன்னிடம்தான் என்று முடிவு செய்துகொண்டு, இன்னும் கவனமாக, இன்னும் மெதுவாக மூச்சுவிட்டார். காப்பி நிற பம்ப் அலுமாரியில் கிடந்தது. நீல பம்ப் வேறொரு சட்டையில் கிடந்தது.

அன்று மாலை அப்புத்தளையை மூடுபனி மூடியிருந்தது. கடைகளின் முன்னால் கஞ்சிக் கோப்பைகளும் பேரீச்சம்பழங்களும் காத்திருந்தன. சமோசா பொரிக்கும் எண்ணெய்ப் புகை பனிக்குள் சிக்கி, பள்ளிக்குள்ளும் வந்தது. புவாத் கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாயிற்று. மைக்கைப் போட்டு, காதுகளில் விரல் வைத்து, இறைவன் பெரியவன் என்னும் முதல் தக்பீரைச் சொன்னார். தெரு நோன்பு திறந்தது. பழங்கள் வாய்க்குப் போயின.

சாட்சி சொல்லும் வரிகள்வரை எப்படியோ இழுத்துக்கொண்டு போனார். தொழுகைக்கு வாருங்கள் என்று அழைக்கும் வரியைத் தொடங்கிப் பாதி சொன்னார். மீதிப் பாதி வரவில்லை. மூக்கால் இழுத்தார்; போகவில்லை. வாயால் இழுத்தார், அதுவும் போகவில்லை. மைக் மட்டும் திறந்தே இருந்தது. ஒலிபெருக்கியில், கடைத்தெரு முழுவதற்கும், வீ... வீ... என்று ஒரு சத்தம் கேட்டது.

தெரு உறைந்தது.

"கரண்ட் போச்சா?"

"கரண்ட் இருக்கே, சத்தம் வருதே."

"அப்ப ஏன் நிப்பாட்டின?"

யாரோ ஒருவர் சொன்னார்: "நேரத்துக்கு முந்திச் சொல்லிட்டார் போல. வெளங்கினதும் நிப்பாட்டிட்டார்!"

அந்த ஒரு சொல் பனிக்குள் தீ மாதிரிப் பரவியது. மூடுபனியில் சூரியன் விழுந்ததா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்? மென்றவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள். விழுங்கியவர்கள் தலையில் கைவைத்தார்கள். ஒருவர் பேரீச்சம்பழத்தை உள்ளங்கையில் துப்பி, அதை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டே நின்றார். கஞ்சிக் கோப்பையை வாயிலிருந்து எடுத்த பஸீல் ஹாஜியார், தாடியில் கஞ்சி வழிய வழியப் பள்ளிக்குள் ஓடினார்.

"புவாத்! நேரம் ஆச்சா, ஆகல்லியா? அதச் சொல்லுங்க மொதல்ல! ஊரு நோன்பெல்லாம் ஓங்கட தொண்டையில தொங்குது!"

புவாத் தரையில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். ஆயிற்று என்று தலையாட்டினார். மூச்சுக்கு ஆடிய தலையா, பதிலுக்கு ஆடிய தலையா என்று ஹாஜியாருக்குத் தெரியவில்லை. நல்லவேளையாக மபாஸ் வந்தான். கைத்தொலைபேசியில் நேரத்தைப் பார்த்தான், மைக்கைத் தன் பக்கம் இழுத்து, தொடக்கத்திலிருந்து பாங்கு சொன்னான். தெரு மறுபடி விழுங்கத் தொடங்கியது.

மர்லியா பின்வாசலால் நீல பம்போடு ஓடி வந்தாள். குலுக்கி அவர் வாய்க்குக் கொண்டுபோனாள். புவாத் வாயை மூடிக்கொண்டார். ஒரு கை வயிற்றில், ஒரு கை நெஞ்சில், கண்கள் பிதுங்கின. வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"என்னத்துக்கு வாணாம்?"

"நோன்பு..." என்றார். ஒரு சொல்லுக்குத்தான் காற்று இருந்தது. "தொறக்கல்ல..."

அவருடைய வாயில் இன்னும் பழம் படவில்லை. இத்தனை வருடங்களாகத் தன் பாங்கைத் தானே முடித்துவிட்டுத்தான் அவர் நோன்பு திறப்பார். இன்று பாங்கு முடியவில்லை. ஆகவே, காற்றில்லாத அந்தத் தலைக்குள், ஊருக்கெல்லாம் முடிந்த நோன்பு அவருக்கு மட்டும் முடியாமல் நின்றது.

"பாங்கு முடியாட்டியும் சூரியன் முடிஞ்சிட்டு, மனுசா!" என்று மர்லியா கத்தினாள். கல்யாணமாகி அவ்வளவு காலத்தில் அவரை அவள் மனுசா என்று கூப்பிட்டதில்லை. அவர் திகைத்து வாயைத் திறந்தார். அந்த நொடியில் பம்ப் உள்ளே போயிற்று.

அன்று புவாத் நோன்பு திறந்தது பேரீச்சம்பழத்தால் அல்ல.

பம்ப் மட்டும் போதவில்லை. அஜந்தனின் முச்சக்கரவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அஜந்தன் தோட்டத்துப் பிள்ளை. கொண்டையூசி வளைவுகளைப் பனியிலும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவன். வழியெல்லாம், "நானா, பேசாதீங்க. நீங்க பேசாம இருந்தாப் போதும், நான் பேசிக்கிட்டே வாரேன்" என்று பேசிக்கொண்டே போனான். அங்கே முகத்தில் மூடியை வைத்துப் புகை பிடிக்கவைத்தார்கள். மருந்துப் புகை. நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

நோன்புப் பெருநாளுக்கு முன்பு பள்ளி நிர்வாகம் கூடியது. மிச்ச நோன்புக்கு மபாஸ் பாங்கு சொல்வதென்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு என்ன என்று யாரும் சொல்லவில்லை. புவாத் கேட்கவுமில்லை. மர்லியா சாமான்களைப் பார்த்துப் பார்த்து, எது எந்தப் பெட்டிக்குள் கொள்ளும் என்று யோசிக்கத் தொடங்கினாள்.

அடுத்த கிளினிக்கில் மதுஷா அவரை உட்காரவைத்துக் கேட்டாள்: "காப்பி பம்ப நிப்பாட்டச் சொல்லி நான் சொன்னேனாங்க?"

"இல்ல மிஸ். நிப்பாட்ட வாணாம் என்றுதான் சொன்னீங்க. எனக்கு நல்ல ஞாபகம்."

"பின்ன?"

"நல்லா இருந்திச்சே மிஸ். நல்லா இருக்கிறவனுக்கு எதுக்கு மருந்து?"

மதுஷா தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அவளுடைய லயத்திலும் இதே பேச்சுத்தான். "ஒங்க நெஞ்சுக் குழாய்க்குள்ள வீக்கம் இருக்கு. காப்பி பம்ப் அத அடக்கி வச்சிருந்துச்சு. அடக்கி வச்சிருந்ததாலதான் பயிற்சியும் நல்லா வந்துச்சு. நிப்பாட்டின ஒடனே வீக்கம் வராது, கொஞ்ச நாள் எடுக்கும். அந்தக் கொஞ்ச நாளப் பாத்து நீங்க ஏமாந்துட்டீங்க."

"அப்ப பயிற்சி பொய்யா மிஸ்?"

"பொய் இல்லீங்க. பதறி பதறி மூச்சு வாங்குறீங்களே, அத நிப்பாட்டும். பயத்தக் கொறைக்கும். நாள நல்லபடியா ஓட்டலாம். வீக்கத்த அது தொடாது."

"அப்ப மெய்யா?"

"மெய்தான். அது மட்டுமே போதும்னா, அது மெய் இல்ல."

புவாத் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மெய், ஆனால் போதாது. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒழு மாதிரியா? ஒழு மட்டும் செய்துவிட்டு எழுந்து போனால் தொழுகை ஆகாது. அப்படியென்று ஒழு பொய்யுமில்லை. இது சரியான உவமைதானா என்று மிஸ்ஸிடம் கேட்க நினைத்தார். மிஸ்ஸுக்கு ஒழுவை விளங்கப்படுத்தப் போனால் மத்தியான ரயில் போய்விடும். பேசாமல் எழுந்துவிட்டார்.

திரும்பி வந்ததும் நேராக இரும்புக் கடைக்குப் போனார். வழக்கமாக ஹாஜியார்தான் பேசுவார், புவாத் கேட்பார். அன்று புவாத் பேசினார். "ஹாஜியார், பிழை என்னில. மருந்த விட்டது நான். மருந்தோட இருந்த நாள்ல என்ட பாங்க நீங்களும் கேட்டீங்க. ஒரு மாசம் தாங்க. வரி அறுந்தா நானே சாவியத் தந்துட்டுப் போறன்."

பஸீல் ஹாஜியார் ஆணிப் பெட்டியை மூடினார். "ஓங்கட வீட்டுக்காரி வந்து சொல்லட்டும், மருந்து தப்பாது என்று. ஓங்கட பேச்ச நம்ப ஏலா."

"ஏன்?"

"நீங்க பொய் சொல்ற ஆளில்ல. ஆனா ஓங்களுக்கே வெளங்காதத ஓங்களுக்கு வெளங்கிட்டு என்று நெனக்கிற ஆளு."

மர்லியா போய்ச் சொன்னாள். காலையிலும் இரவிலும் தன் கண் முன்னால் அடித்து, வாய் கொப்பளித்த பிறகுதான் தேத்தண்ணி என்றாள். அந்த மாதம் வரிகள் அறுந்தன என்றும் சொல்லமுடியாது, அறுந்ததே இல்லை என்றும் சொல்லமுடியாது. பனி இறங்கிய விடியல்களில் சுபஹ் பாங்கு தடுமாறியது. மற்ற நேரங்களில் அறுபடாமல் நிலைத்து நின்றது. நிர்வாகம் நேரங்களைப் பிரித்துக் கொடுத்தது.

பாங்கு பாதியில் அறுந்த அந்த நாளின் நோன்பு நிறைவேறிவிட்டது என்று நஸீர் மௌலவி திரும்பத் திரும்பச் சொன்னார். நேரம் வந்த பிறகு அடித்த பம்பில் எந்தக் குறையும் இல்லை என்றார். புவாத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஒரு நாள் கழா நோன்பும் பிடித்துவிட்டார்.

இப்போது புவாத் மோதினாரும் மர்லியாவும் பள்ளிக்குப் பின்னாலுள்ள அறையிலேயே இருக்கிறார்கள். சுபஹ் பாங்கை மபாஸ் சொல்கிறான். மற்ற நான்கையும் புவாத் சொல்கிறார். இரண்டு வேளையும் மருந்து எடுக்கிறார், அஸருக்குப் பிறகு பயிற்சி செய்கிறார், மாதா மாதம் ரயிலில் பதுளைக்குக் கிளினிக் போய் வருகிறார்.